பித்தளைக்குள் ஒரு தக்கைத் துண்டு



திருவண்ணாமலை இசைக்குப் பஞ்சமில்லாத ஊர். கார்த்திகைத் திருநாள் வந்துவிட்டால் மாட வீதிகளில் நாகசுரமும் தவிலும் பத்து நாட்களும் ஓய்வதில்லை. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகிலும் சங்கொலியும் பாட்டொலியும் கேட்டவண்ணம் இருக்கும். இத்தனை ஒலிகளுக்கும் நடுவே, சமய வேறுபாடு பாராமல் எல்லார் வீட்டு வாசலுக்கும் வந்து நிற்பது ஒன்று உண்டு. அதுதான் பாண்டு வாத்தியம். நம் ஆலயத்துக் கொடியேற்றமா, தேர்ப்பவனியா, அடுத்த தெருவில் மாப்பிள்ளை அழைப்பா, அதற்கடுத்த தெருவில் ஒரு முதியவரின் இறுதி ஊர்வலமா, எதுவாயினும் முன்னே நடப்பவர்கள் அந்த வண்ணச் சட்டைக்காரர்களே.

அவர்கள் சுமந்து வரும் பித்தளைக் கருவிகளைப் பற்றி இத்திங்கள் சிறிது பேசுவோம். ‘குடும்பப் பத்திரிகையில் இது எதற்கு?’ என்று சிலர் வினவலாம். காரணம் உண்டு. அக்கருவிகளுள் சில, ஆயுள் முடியும் முன்னரே பழைய பாத்திரக் கடையின் தராசுத் தட்டில் ஏறிவிடுகின்றன. கருவி தராசில் ஏறும்போது அதனோடு ஒரு குடும்பத்தின் பிழைப்பும் ஏறுகிறது. ஆனால் கெட்டுப்போனது பித்தளையா என்று பார்த்தால், பல வேளைகளில் அன்று. உள்ளே விரல் நகத்தளவே இருக்கும் ஒரு தக்கைத் துண்டோ, கம்பளி வளையமோ தேய்ந்திருக்கும், அவ்வளவே.

முதியவரின் யூபோனியம்

வாத்தியக் குழு ஒன்றை நடத்தும் முதியவர் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். கையில் துணியில் சுற்றிய யூபோனியம். “சாமி, இது ஊமையாப் போச்சு. எவ்வளவு மூச்சு விட்டாலும் பாதி சத்தம்தான் வருது. எடைக்குப் போட்டுட்டு, பையனை லாரி ஷெட்டுக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன்” என்றார். அவர் தந்தையார் ஊதிய கருவி அது. மகன் மூன்றாம் தலைமுறை.

“பெரியவரே, எடைக்குப் போடுமுன் ஒருவரிடம் காட்டிவிடலாமே” என்று சொல்லி, இராணுவ பாண்டில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவரிடம் அனுப்பினேன். வேடிக்கை பார்க்க நானும் உடன் சென்றேன். அவர் மேசைமேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்தார். மூன்று வால்வுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றி வைத்தார். முதல் வால்வின் கம்பளி வளையம் எண்ணெயும் அழுக்கும் ஏறித் தோல்போல இறுகி, பாதி கனமாக நசுங்கியிருந்தது. இரண்டாவதில் வளையமே இல்லை. மூன்றாவதில் யாரோ பழைய செருப்பு ரப்பரை வெட்டி வைத்திருந்தார்கள். அது மண்ணெண்ணெயில் ஊறி உப்பிக் கிடந்தது. “அண்ணே, உங்க வாத்தியத்துக்கு ஒரு நோயும் இல்லை. மூணு கதவும் சரியாத் திறக்கலை, அவ்வளவுதான்” என்று அவர் சிரித்தார். ஒரு மணி நேரத்தில் மூன்றுக்கும் புது வளையங்கள் வெட்டிப் பொருத்தினார். ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுகூட ஆகவில்லை. யூபோனியம் பேசியது. மகனும் லாரி ஷெட்டுக்குப் போகவில்லை.

“மூன்று கதவும் சரியாகத் திறக்கவில்லை” என்று அவர் சொன்னாரே, அதன் பொருளைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

மூன்று விரலும் ஏழு நீளமும்

காவல்துறை அணிவகுப்பில் ஊதப்படும் பியூகிள் என்னும் எக்காளத்தை நாம் கேட்டிருக்கிறோம். அதில் ஐந்தாறு சுரங்களுக்கு மேல் வருவதில்லை. ஏன்? அதன் குழாய் ஒரே நீளமுடையது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் அந்த நீளத்துக்கு இயல்பாக உரிய சுரங்களை மட்டுமே எழுப்ப முடியும். இடையிலுள்ள சுரங்கள் அகப்படா. குழாயின் நீளத்தை நினைத்தபோது கூட்டவும் குறைக்கவும் முடிந்தால் எல்லாச் சுரங்களும் கைக்குள் வந்துவிடும். அந்த வேலையைச் செய்வதுதான் வால்வு.

டிரம்பெட்டின் குழாயைச் சுருள் நீக்கி நேராக நீட்டினால் ஏறத்தாழ நாலரை அடி வரும். யூபோனியத்தில் அது ஒன்பது அடி. இந்த முதற்குழாயோடு மூன்று சிறு குழாய்கள் கிளைகளாக இணைந்துள்ளன. நடு விரலால் இரண்டாம் வால்வை அழுத்தினால் மொத்த நீளத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு கூடி, ஒலி அரைச் சுரம் இறங்கும். முதல் வால்வை அழுத்தினால் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு கூடி ஒரு முழுச் சுரம் இறங்கும். மூன்றாவதை அழுத்தினால் ஏறக்குறைய பத்தொன்பது பங்கு கூடி ஒன்றரைச் சுரம் இறங்கும். மூன்று விரல்களை மாற்றி மாற்றி அழுத்தும் வகைகள் எட்டு. அவற்றுள் முதலிரண்டையும் சேர்த்து அழுத்துவதும் மூன்றாவதைத் தனியே அழுத்துவதும் ஏறக்குறைய ஒன்றே. ஆக, கிடைக்கும் நீளங்கள் ஏழு. இந்த ஏழைக்கொண்டு எந்த மெட்டையும் வாசித்துவிடலாம்.

வால்வின் உள்ளே இருப்பது பிஸ்டன் என்னும் உருளை. அதன் உடலில் குறுக்கே சில துளைகள் செல்கின்றன. பிஸ்டன் மேலே நிற்கும்போது ஒரு துளை முதற்குழாயோடு பொருந்தும். கீழே அழுந்தும்போது வேறு துளைகள் கிளைக் குழாயோடு பொருந்தும். கீழே அழுத்துவது விரல். மேலே தூக்குவது ஸ்பிரிங். எவ்வளவு தூரம் கீழே போகவேண்டும், எவ்வளவு தூரம் மேலே வரவேண்டும் என்று எல்லை கட்டி நிறுத்துவது எது? அங்கேதான் நம் தக்கைத் துண்டு உட்கார்ந்திருக்கிறது.

வால்வு பிறந்த கதை

முத்துசுவாமி தீட்சிதரை அறியாதார் இல்லை. 1775ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்த அவர், ஐந்து பூதத் தலங்களையும் பாடியபோது, நெருப்புத் தலமாகிய இந்தத் திருவண்ணாமலையைச் சாரங்க இராகத்தில் பாடினார். அதே தீட்சிதர் இளமையில் சென்னையை அடுத்த மணலியில் தங்கியிருந்தபோது, ஜார்ஜ் கோட்டையில் வெள்ளையர் பாண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் இயற்றினார். நோட்டுஸ்வர சாகித்தியங்கள் என்று இன்றும் அவை பாடப்படுகின்றன. அண்ணாமலைக்கும் பாண்டு வாத்தியத்துக்கும் ஒரே மேதையின் வழியாக உறவு உண்டு என்பது நமக்கு இனிமையான செய்தி அன்றோ?

ஆனால் இளமையில் அவர் கேட்ட பாண்டின் எக்காளங்களில் வால்வு இருந்திருக்க முடியாது. அது அப்போது பிறக்கவேயில்லை. ஹென்ரிக் ஸ்டோல்சல், ஃப்ரீட்ரிக் புளூமல் என்னும் இரு ஜெர்மானியர் 1818ஆம் ஆண்டு பெர்லினில் இதற்கு உரிமை பெற்றனர். 1830களின் இறுதியில் பாரிஸ் நகரத்துப் பிரான்சுவா பெரினே அதைச் செம்மை செய்தார். இன்று நம் தெருக்களில் வரும் டிரம்பெட்டிலும் யூபோனியத்திலும் இருப்பது பெரினே வகுத்த அமைப்பே. மேலும் கீழும் போகாமல் சுழன்று திறக்கும் மற்றொரு வகை வால்வை வியன்னாவில் ஜோசப் ரீடல் 1835இல் அமைத்தார். பிரெஞ்சு ஹார்ன் என்னும் கருவியில் அதைக் காணலாம்.

தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798 – 1832) அரண்மனையில் மேனாட்டு பாண்டு ஒன்றையே வைத்திருந்தார். இராணுவ முகாம்களிலிருந்தும் அரண்மனைகளிலிருந்தும் இக்கலை மெல்ல மெல்லத் தெருவுக்கு இறங்கியது. வடக்கே மீரட் நகரில் 1885இல் நாதிர் அலி என்பவர் தொடங்கிய நிறுவனம் பாண்டுக் கருவிகளுக்குப் பேர்போனது. அந்நகரின் ஜாலி கோட்டி வட்டாரம் முழுவதும் இத்தொழிலுக்கே புகழ்பெற்றது. நாட்டின் எத்தனையோ ஊர்வலங்களில் மின்னும் பித்தளை அங்கே உருப்பெற்றதுதான்.

தேய்வது எது?

பித்தளை எளிதில் தேயாது. நசுங்கினால் தட்டி நிமிர்த்தலாம். விரிசல் விட்டால் பற்றவைக்கலாம். தேய்வது, பித்தளையும் பித்தளையும் மோதிக்கொள்ளாதபடி இடையில் வைக்கப்பட்ட மென்மையான பொருளே. ஒவ்வொரு பிஸ்டனிலும் இரண்டு வளையங்கள் இருக்கும். விரல் படும் குமிழுக்கும் வால்வின் மேல் மூடிக்கும் இடையே உள்ளது ஒன்று. இது கீழே போகும் எல்லையைக் காக்கிறது. மூடிக்கு உட்புறம் தண்டைச் சுற்றி உள்ளது மற்றொன்று; இது மேலே வரும் எல்லையைக் காக்கிறது. அழுத்திச் செய்த கம்பளியாலோ, தக்கையாலோ, ரப்பராலோ இவை ஆனவை.

ஒரு பாட்டுக்குள் ஒரு வால்வு நூற்றுக்கணக்கான முறை ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் அடி வாங்குவது இந்த வளையம். கம்பளி நசுங்கும், எண்ணெய் ஏறி இறுகும். தக்கை சித்திரை வெயிலில் உலர்ந்து பொடியும். வளையம் மெலிந்தால் பிஸ்டன் தன் எல்லையைத் தாண்டிச் சிறிது கூடுதலாகப் போகும். அப்போது துளையும் குழாயும் நேருக்கு நேர் நில்லா.

‘ஒரு மில்லிமீட்டர் விலகினால் என்ன குடிமுழுகிவிடும்?’ என்று கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். டிரம்பெட்டின் குழாய்த் துளை ஏறத்தாழ பதினொன்றரை மில்லிமீட்டர் அகலமே. துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றால் வழியில் ஒன்பதில் ஒரு பங்கு அடைபடுகிறது. ஊதுகிறவரின் மூச்சு மூன்று வால்வுகளையும் கடந்தே வெளிவரவேண்டும். ஆகவே மூன்று இடங்களில் மூன்று படிக்கட்டுகள் குறுக்கே நிற்கின்றன. ஒலி மங்குகிறது, சுருதி ஆடுகிறது, சில சுரங்கள் பிடிபடாமல் நழுவுகின்றன. ஊதுகிறவரோ குற்றம் தன் மூச்சில்தான் என்று எண்ணி மேலும் மேலும் பலங்கொண்டு ஊதுகிறார். கன்னமும் உதடும் நோகின்றன. கூட்டத்தில் நிற்கும் இளைஞர்கள் நகைக்கிறார்கள். ‘அப்பனைப்போல மகனுக்கு வராது’ என்று ஊர் தீர்ப்பு எழுதிவிடுகிறது. குற்றமற்றவன் தண்டனை பெறுகிறான். குற்றவாளியோ மூடிக்குள்ளே ஒளிந்திருக்கிறான்!

மாற்றும் முறை

வாத்தியக்காரர்கள் பலர் இப்பத்திரிகையை வாசிப்பதை அறிவேன். வாசியாதவர்களுக்கு அவர்தம் பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும். அந்த ஓய்வுபெற்ற இராணுவ வாத்தியக்காரர் எங்களுக்குக் காட்டிய முறையை வரிசையாகத் தருகிறேன்.

முதலாவது, அடையாளம் அறிதல். வால்வை விடும்போது ‘டக், டக்’ என்று உலோகம் உலோகத்தில் மோதும் ஓசை கேட்டால் வளையம் தேய்ந்துவிட்டது என்று பொருள். மூன்று குமிழ்களையும் பக்கவாட்டில் பார்த்தால் ஒன்று மட்டும் உயர்ந்தோ தாழ்ந்தோ நின்றாலும் அதுவே பொருள்.

இரண்டாவது, கழற்றுதல். ஒரு நேரத்தில் ஒரு வால்வை மட்டுமே கழற்றவேண்டும். பிஸ்டன்களில் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். ஒன்றன் வீட்டில் மற்றொன்றைக் குடிவைத்தால் காற்றே போகாது. பிஸ்டன் கீழே விழாதபடி துணி விரித்த மேசையில் வேலை செய்க. அதன் உடலில் ஒரு சிறு நசுக்கு விழுந்தாலும் பிறகு வால்வு சிக்கிக்கொள்ளும்.

மூன்றாவது, அளவு பார்த்தல். இதுவே உயிர்நாடி. பழைய வளையம் நசுங்கியிருப்பதால் அதன் கனத்தை அப்படியே நம்பக்கூடாது. சற்றுக் கனமான வளையத்தை முதலில் பொருத்துக. பின், அந்த வால்வுக்குரிய கிளைக் குழாயை உருவி எடுத்துவிட்டு, குமிழை அழுத்திப் பிடித்தபடி, குழாய் வாயில் சிறு டார்ச் வெளிச்சம் காட்டி உள்ளே நோக்குக. துளை முழு நிலவாகத் தெரிந்தால் சரி. ஓரத்தில் பிறைபோலப் பித்தளை தெரிந்தால் வளையத்தைச் சவர பிளேடால் மெல்லச் சீவி மீண்டும் பார்க்கவேண்டும். சீவுவது எளிது, சீவியதை ஒட்டவைக்க முடியாது. ஆகையால் சிறிது சிறிதாகவே சீவுக. மேல் எல்லைக்குச் சில கருவிகளில் தண்டின்மேல் ஒரு மெல்லிய கோடு இருக்கும். வால்வு ஓய்ந்து நிற்கையில் அது மூடியின் விளிம்போடு ஒட்டி நிற்கவேண்டும்.

நான்காவது, பொருள் தேர்தல். இசைக்கருவிக் கடையில் கிடைக்கும் கம்பளி வளையமோ, நெருக்கமான நல்ல தக்கையோ உகந்தது. செருப்பு ரப்பர் வேண்டாம். இயற்கை ரப்பர் மண்ணெண்ணெய் பட்டால் உப்பும். இன்று சரியாக இருந்த அளவு அடுத்த வாரம் இராது.

ஐந்தாவது, எண்ணெய். தேங்காய் எண்ணெயை வால்வில் விடுவோர் உண்டு. மார்கழிக் காலையில் அது சீசாவுக்குள் உறைந்து நிற்பதை நம் இல்லத்தரசிகள் அறிவார்கள். 24 பாகை வெப்பத்துக்குக் கீழே வந்தாலே அது உறையத் தொடங்கும். கார்த்திகைப் பனியில் விடியற்கால ஊர்வலத்துக்குப் போகிறவரின் வால்வும் அவ்வாறே உறைந்து மந்தமாகும் அன்றோ? வால்வுக்கென்றே விற்கும் நீர்த்த எண்ணெயை இரண்டு சொட்டு விட்டால் போதும். அதுவும் பிஸ்டனுக்குத்தான், வளையத்துக்கு அன்று.

பள்ளி பாண்டுகளில் எங்கேனும் பிரெஞ்சு ஹார்ன் இருந்தால் அதன் முறை சற்று வேறு. அங்கே வால்வு சுழலும். இரு சிறு தக்கைத் துண்டுகள் இருபுறமும் நின்று, கால் வட்டத்துக்கு மேல் சுழலாதபடி தடுக்கும். வால்வின் மறுபக்க மூடியைத் திறந்தால் உள்ளே சுழலும் அச்சில் ஒரு கோடும், அதைத் தாங்கும் தட்டில் இரண்டு கோடுகளும் காணலாம். ஓய்வில் ஒன்றோடும் அழுத்துகையில் மற்றொன்றோடும் அச்சின் கோடு நேர் நிற்கும்வரை தக்கையைச் சீவினால் வேலை முடிந்தது.

சீவாளியும் திரியும்

நம் மண்ணின் இசைவாணர்கள் இந்த உண்மையை நன்கு அறிந்திருந்தார்கள். நாகசுரத்தைப் பாருங்கள். ஆச்சா மரத்தில் கடைந்த அந்தப் பெருங்குழல் தலைமுறை தலைமுறையாக நிற்கும். ஆனால் ஒலியைப் பிறப்பிப்பது நுனியிலுள்ள சீவாளி. நாணலால் ஆன சிறு துண்டு. அது சில நாட்களிலேயே களைத்துவிடும். அதனால்தான் நாகசுரத்தின் கழுத்தில் மாற்றுச் சீவாளிகளும், அவற்றைச் சீர்செய்யும் ஊசியும் நூலில் கோத்துத் தொங்குகின்றன. எந்த வித்துவானும் சீவாளி போயிற்றென்று நாகசுரத்தை அடுப்பில் வைப்பதில்லை. தவில் வித்துவான் தம் விரல் கூடுகளைத் தாமே செய்துகொள்கிறார். மிருதங்க வித்துவான் கச்சேரிதோறும் இடப்பக்கத்தில் ரவை பிசைந்து அப்பிக்கொள்கிறார். தேய்வது தேயும், தேய்ந்ததை மாற்றவேண்டும் என்பது அவர்கள் கற்ற பாடத்தின் முதல் பகுதி.

இவ்வூர் மலையுச்சியைக் கார்த்திகை நாளில் அண்ணாந்து பார்க்கிறவர்கள் கண்டு வியப்பது மாபெரும் கொப்பரையின் சுடரை. அந்தக் கொப்பரை உலோகம். அது ஆண்டுதோறும் மலையேறுகிறது. ஆனால் நெய்யைச் சுடராக்குவது காடாத் துணித் திரி. ஒவ்வோர் ஆண்டும் புதுத் திரி வேண்டும். பழைய திரி கரிந்துவிட்டதென்று கொப்பரையை யாரும் உருக்குவதில்லை.

பாண்டு வாத்தியக்காரருக்கு மட்டும் ஏன் இந்த அறிவு எட்டவில்லை? அவர்கள் அறிவிற் குறைந்தவர்கள் அல்லர். நாகசுரத்தோடு சேர்ந்தே சீவாளி கட்டும் கலையும் குருவிடமிருந்து சீடனுக்கு வந்தது. பாண்டுக் கருவி இராணுவத்திலிருந்து வந்தபோது கருவி மட்டும் தெருவுக்கு வந்தது. அதைப் பழுதுபார்க்கும் பட்டறை முகாமிலேயே தங்கிவிட்டது. ஊதக் கற்றுத்தர ஆள் இருந்தார்; கழற்றக் கற்றுத்தர ஆள் இல்லை. இந்தக் குறையை நாம் நினைத்தால் தீர்க்கலாம்.

ஊதுகிறவரையும் நினைப்போம்

வாத்தியக்காரரின் வருவாய் பருவகாலத்து மழைபோன்றது. ஆடியிலும் மார்கழியிலும் இந்து சமயத்தாரிடையே திருமணங்கள் இல்லை. தபசுக் காலத்தில் நம்மவரிடையே இல்லை. கையில் காசு இருக்கும் மாதத்தில் கருவிக்கு ஓய்வில்லை; கருவிக்கு ஓய்வுள்ள மாதத்தில் கையில் காசு இல்லை. இந்த இடைவெளியில்தான் பித்தளை தராசுக்குப் போகிறது. பித்தளைக்கு எடைக்கு எடை விலை உண்டு. அதிலிருந்து எழும் இசைக்குத் தராசுக் கடையில் விலை இல்லை. விற்ற காசு ஒரு மாதத்தில் கரையும். புதுக் கருவி வாங்க ஆயுள் முழுதும் சேர்த்தாலும் போதாது. அதன்பின் அந்த வீட்டுப் பிள்ளை இசையை மறந்து கூலிக்குப் போகவேண்டியதுதான்.

நம் பங்குகளின் திருவிழா வரவு செலவுக் கணக்கை எடுத்துப் பாருங்கள். பூ அலங்காரம், மின்விளக்கு, ஒலிபெருக்கி, வாணவேடிக்கை, அன்னதானம் என்று வரிசையாகத் தலைப்புகள் இருக்கும். பாண்டு வாத்தியத்துக்குப் பேசிய கூலியும் இருக்கும். ‘கருவி பராமரிப்பு’ என்று ஒரு தலைப்பு இருக்கிறதா? இராது. வானத்தில் ஒரு கணம் வெடித்து மறையும் வாணத்துக்கு எழுதும் தொகையில் நூற்றில் ஒரு பங்கை ஒதுக்கினாலும் ஒரு குழுவின் எல்லா வால்வுகளுக்கும் புது வளையம் போட்டுவிடலாம். இதைத் தருமமாக எண்ணவேண்டாம். தேருக்கு ஆண்டுதோறும் அச்சாணி பார்க்கிறோம். மணிக்குக் கயிறு மாற்றுகிறோம். அதே கடமைதான் இதுவும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தேய்வது தக்கை மட்டுமன்று. கொளுத்தும் வெயிலில் இரண்டு மைல் ஊதிக்கொண்டே நடந்தவர், ஊர்வலம் ஆலய வாசலில் முடிந்ததும் என்ன ஆகிறார்? தேர் நின்ற உடனே கூட்டம் அவரை மறந்துவிடுகிறது. உறவினரும் பிரமுகரும் பந்தியில் அமர்ந்து எழுந்த பின்னர், ஓரத்தில் நின்று மிச்சத்தைப் பெற்றுக்கொள்ளும் காட்சியை நாம் கண்டதில்லையா? சாவு வீட்டில் நம் கண்ணீருக்குக் குரல் கொடுத்தவரை, கூலி கொடுக்கும்போது பேரம் பேசி அவமதிப்பதில்லையா? சாதியின் பெயரால் அவருக்குத் தனிக் குவளை வைத்த நாட்களும் நம் நாட்டில் இருந்தன. அந்த நஞ்சின் மிச்சம் இன்னும் சில மனங்களில் உண்டு. தேருக்கு முன்னே நடந்தவர் பந்திக்குப் பின்னே நிற்பது நியாயமா?

இரு உலோகங்கள் மோதாமல் இடையில் நின்று அடி வாங்குவது அந்தத் தக்கை. மகிழ்ச்சிக்கும் துயருக்கும் நடுவே, வீட்டுக்கும் வீதிக்கும் நடுவே நின்று நம் உணர்ச்சிகளைத் தாங்கி நடப்பவர்கள் இந்த வாத்தியக்காரர்கள். தக்கையை மாற்றலாம். மனிதரை மாற்றுப் பொருளாகக் கருதலாகாது.

ஆகவே, அன்பு வாசகர்களே, செய்யவேண்டியவை மூன்றே. வாத்தியக் குழு வைத்திருப்போர் கல்யாணம் இல்லாத ஆடி மாதத்தைத் தங்கள் கருவிகளுக்கு மருத்துவ மாதமாக ஆக்கிக்கொள்ளுங்கள். குழுவில் கைத்திறமுள்ள இளைஞர் ஒருவராவது வால்வைக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொள்ளட்டும். அது நாளை அவருக்கே ஒரு தொழிலாகலாம். திருவிழாக் குழுவினர் வரும் ஆண்டுக் கணக்கில் பராமரிப்புக்கென்று ஒரு வரி எழுதுங்கள். ஊர்வலம் முடிந்ததும் வாத்தியக்காரரை முதற்பந்தியில் அமர்த்துங்கள். இல்லத்தாரோ, கொல்லையிலும் பரணிலும் தூசி படிந்து கிடக்கும் பழைய கருவி ஏதேனும் இருந்தால், தராசுக் கடைக்கு அனுப்புமுன் அதன் மூடியை ஒருமுறை திறந்து பாருங்கள். கெட்டது கருவியா, வெறும் தக்கையா என்று தெரிந்துகொள்ள ஒரு நாழிகை போதும்.